கீழ்ப்பல் செட்: இரண்டு இடங்கள், ஒரு வாளிப் பழம்

முதல் செட்டுக்குத் தென்னாப்பிரிக்கப் பணத்தில் 1,800 ரான்ட் கொடுத்தோம். இரண்டாவது செட்டுக்கு 9,500 ரான்ட். நடுவில் அத்தையின் வயிற்றைத் திறந்து தைத்த அரசு மருத்துவமனை, முதியோர் உதவித்தொகை வாங்குகிறவர் என்பதால் எங்களிடம் ஒரு செண்டும் வாங்கவில்லை. பல் செட்டைப் பற்றி எழுத உட்கார்ந்தால் குடலைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் நாகப்பட்டினத்துக்காரி. 1999-இல் கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வந்தேன். அங்கே சாட்ஸ்வர்த் பகுதியில் வீடு. வார நாட்களில் கல்யாணப் பத்திரிகை, கருமாதி அறிவிப்பு, கோயில் பாட்டுப் புத்தகம் என்று தமிழ்த் தட்டச்சு வேலை. ஞாயிறு காலையில் கோயிலில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு. அத்தை, அதாவது என் கணவரின் தாயார், இங்கேயே பிறந்து வளர்ந்தவர். அவர் பேசுவது 1860-லிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்களின் தமிழ். நான் மறந்துவிட்ட சில சொற்கள் அவரிடம் பத்திரமாக இருக்கின்றன. பற்கள்தான் இல்லை. கடைசிக் கடைவாய்ப் பல்லும் எழுபத்தெட்டு வயதில் போய்விட்டது.

முதல் இடத்தைக் காட்டியவர் எங்களுக்கு வேண்டியவர். ஒரு வீட்டின் பின்புறம் கராஜ், அதற்குள் ஒரு மேசை, முடிதிருத்தும் கடையிலிருந்து வந்தது போன்ற ஒரு நாற்காலி. செய்பவர் பல் மருத்துவர் இல்லை. பல் செட் செய்யும் கைவேலை தெரிந்தவர். இந்த நாட்டுச் சட்டப்படி வாயில் அளவெடுக்க வேண்டியவர் பல் மருத்துவர், கைவேலைக்காரர் அவர் சொன்னபடி செய்து கொடுக்க வேண்டும். அது எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை. விலைதான் உறைத்தது. புதன்கிழமை ரோஸ் நிறக் களிம்பை வாயில் அப்பி ஒரே ஒரு அச்சு எடுத்தார். வெள்ளிக்கிழமை மாலை செட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்துவிட்டார்.

மேல் செட் நன்றாகத்தான் இருந்தது. மேல் செட் எல்லோருக்குமே ஓரளவு நன்றாகத்தான் இருக்கும். அண்ணம் முழுவதும் படிந்து, எச்சிலின் ஈரத்தில் தானாகப் பிடித்துக்கொள்ளும். கீழே அப்படிப் படிய இடமில்லை. குதிரைலாட வடிவில் மெல்லிய ஈறு, நடுவில் ஓயாமல் அசையும் நாக்கு. பல் போன பிறகு தாடை எலும்பும் ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்து தாழ்ந்துகொண்டே போகும். அத்தையின் கீழ்ச் செட் பேசும்போது எழும்பியது, இருமினால் வெளியே வந்து விழுந்தது. திரும்பக் கொண்டுபோனோம். சின்னச் சக்கரம் ஒன்றால் ஓரத்தைக் கரகரவென்று தேய்த்துக் கொடுத்து, பழகிவிடும் என்றார். அத்தைக்குப் பழகிப்போனது வேறு. கீழ்ச் செட்டைக் கழற்றி, சமையலறைத் தொட்டியின் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றிப் போட்டுவைத்தார். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போகும்போது மட்டும் நகை எடுத்துப் போடுவதுபோல எடுத்துப் போட்டுக்கொள்வார். கேட்டால், "இது என் பல் இல்லை அம்மா, வாடகைக்கு வந்தது," என்பார்.

மூன்று வருடம் இப்படியே போயிற்று. சோறு, பருப்பு, மசித்த மடும்பிக்கிழங்கு, அதாவது சேப்பங்கிழங்கு. ஈறாலேயே ஓட்டிவிட்டார். எங்களுக்கும் அது ஒரு குறையாகவே படவில்லை. என் தவறும் இதில் பாதி.

2024 மே மாதம் பக்கத்து வீட்டுப் பெர்சிமன் மரம் காய்த்துக் குலுங்கியது. தமிழ்நாட்டிலுள்ளவர்களுக்குச் சொல்வதென்றால், தக்காளி அளவில் ஆரஞ்சு நிறப் பழம், தலையில் நான்கு இதழ்க் குல்லா. கனிந்தால் அல்வா. கனியாவிட்டால் நாக்கை இழுத்துப் பிடிக்கிற துவர்ப்பு. கடையில் ஷரோன் என்ற பெயரில் விற்பதைக் கரியமில வாயுவில் வைத்துத் துவர்ப்பை எடுத்துவிடுகிறார்கள். கல் போலிருந்தாலும் ஆப்பிள் மாதிரி கடித்துத் தின்னலாம். வீட்டு மரத்துப் பழத்துக்கு அந்த உபசாரம் கிடையாது, கூழாகக் கனியும்வரை காத்திருக்க வேண்டும். ஆனால் சாட்ஸ்வர்த்தில் காத்திருப்பது யார்? குரங்குகள்தான். கூரை மேல் வரிசையாக உட்கார்ந்து, எது பழுக்கிறது என்று எங்களைவிட நன்றாகக் கணக்கு வைத்திருக்கின்றன. ஆகவே பக்கத்து வீட்டார் குரங்குக்கு முந்திக்கொண்டு அரைக்காயாகப் பறித்து, வாளி நிறையக் கொடுத்தார்கள்.

அத்தைக்கு வெள்ளிக்கிழமை விரதம். பகல் முழுவதும் பழம் மட்டும். அந்த மாதம் மூன்று வெள்ளிக்கிழமைகளில் வெறும் வயிற்றில் பெர்சிமன், தோலோடு, கத்தியால் சீவிய துண்டுகளாக. கீழ்ச் செட் டம்ளரில். 24-ஆம் தேதி மட்டும் ஐந்து பழம் என்று பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

ஞாயிறு காலை வயிற்றைப் பிசைந்துகொண்டு வலி. வரும், உச்சிக்குப் போகும், விடும், மறுபடி வரும். நாங்கள் போன தெருமுனை மருத்துவர் வாயு என்று சொல்லி, பேதியாவதற்கு மருந்து கொடுத்தார். அதைக் குடித்ததும் வலி இரட்டிப்பானது. இரவுக்குள் வயிறு மத்தளம்போல உப்பி, வாந்தி பச்சையாக வந்தது. காற்றுக்கூடப் பிரியவில்லை. அடைத்துக்கொண்ட குடலைப் பேதி மருந்து பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தது என்பது மறுநாள்தான் தெரிந்தது. இது ஒன்றையாவது நினைவில் வையுங்கள்: வயிறு உப்பி, பச்சை வாந்தி வந்து, காற்றும் பிரியாமல் இருக்கிறவருக்குப் பேதி மருந்து கொடுக்காதீர்கள்.

அவசரப் பிரிவில் ஏழு மணி நேரம் பெஞ்சில். பிறகு வந்தவர் ஜூலு இளம்பெண், அறுவைச் சிகிச்சை மருத்துவர். அத்தையின் வயிற்றில் கை வைத்தார், தொடையிடுக்கைப் பார்த்தார், பழைய தழும்பைப் பார்த்தார். அடுத்து அவர் கேட்ட கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை.

"அம்மாவின் பற்கள் எங்கே?"

மேல் செட் வாயில் இருந்தது. கீழே இல்லை. வீட்டில் டம்ளரில் இருக்கிறது என்றேன். "நிச்சயமாகத் தெரியுமா? யாராவது கண்ணால் பார்த்துச் சொல்லட்டும்," என்றார். என் கணவர் மகனுக்குப் போன் செய்தார். அவன் டம்ளரைப் படம் எடுத்து அனுப்பினான். தண்ணீருக்கடியில் கீழ்ச் செட் சிரித்துக்கொண்டிருந்தது. அந்தப் படத்தை மருத்துவர் பெரிதாக்கி, ஒரு பல்லாவது உடைந்திருக்கிறதா என்று ஓரம் ஓரமாகப் பார்த்தார். தளர்ந்த செட்டைத் தூக்கத்தில் விழுங்கிவிடுகிறவர்கள் உண்டாம். கொக்கியும் கம்பியும் இல்லாத வெறும் அக்ரிலிக் எக்ஸ்ரேயில் தெரிவதே அரிதாம். 1,800 ரான்ட் கொடுத்து வாங்கிய பொருளை அத்தனை அக்கறையாகப் பார்த்த முதல் ஆள் அவர்தான். செய்தவர்கூட அப்படிப் பார்க்கவில்லை.

பல் உள்ளே போகவில்லை என்றதும் அவர் சந்தேகம் தழும்பின் பக்கம் திரும்பியது. அத்தைக்கு 1978-இல் வயிற்றுப் புண்ணுக்கு அறுவை நடந்திருக்கிறது. ஒருமுறை வயிற்றைத் திறந்தவர்களுக்கு உள்ளே குடலும் குடலும் ஒட்டிக்கொண்டு நார் நாராகக் கட்டு விழும். சிறுகுடல் அடைப்பு என்று வருகிறவர்களில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் அதனால்தான். அடுத்து குடலிறக்கம், அடுத்து கட்டி. ஒட்டியிருந்தால் மூக்கில் குழாய் விட்டு, வயிற்றைக் காலியாக்கி, நரம்பில் உப்புநீர் ஏற்றி, ஓரிரு நாள் பார்க்கலாம், தானாக விட்டுவிடுவதும் உண்டு என்றார். சி.டி. ஸ்கேன் வந்ததும் அந்த நம்பிக்கை போயிற்று. சிறுகுடல் ஏறத்தாழ ஆறு மீட்டர். பெருங்குடலோடு சேரும் கடைசிப் பகுதிக்கு வரவர அது குறுகிக்கொண்டே வரும். அந்தக் குறுகலில் முட்டை வடிவில் ஒன்று மாட்டியிருந்தது. படத்தில் பார்க்க ரொட்டியின் உட்பக்கம்போலப் பொடிப்பொடியாகக் காற்றுப்புள்ளிகள். அதற்கு மேலே குடல் புடைத்திருந்தது, கீழே சுருங்கிக் கிடந்தது. "என்ன பழம் சாப்பிட்டார்?" என்று கேட்டார். பெர்சிமன் என்றதும் பேனாவை மூடிவிட்டார்.

திங்கள் இரவு அறுவை. இப்படிப்பட்ட கட்டியை முதலில் குடலுக்கு வெளியிலிருந்தே விரலால் நசுக்கி, பால் கறப்பதுபோலப் பெருங்குடல் பக்கம் வழித்துவிடப் பார்ப்பார்களாம். அத்தையுடையது நசுங்கவில்லை. குடலைச் சிறிதாகக் கீறி எடுத்தார்கள். இரைப்பையையும் தடவிப் பார்த்து இன்னொன்று இல்லை என்று உறுதிசெய்துகொண்டுதான் மூடினார்களாம். ஒன்று இருந்தால் இன்னொன்றும் இருப்பது வழக்கமாம். மறுநாள் மருத்துவர் தன் போனில் படம் காட்டினார். எஃகுத் தட்டில், பக்கத்தில் ஒரு அளவுகோலோடு, நாலரை சென்டிமீட்டர். நாம் ஜாடியில் போட்டுவைக்கிற பழம்புளி உருண்டை எப்படி இருக்கும், அச்சு அசல் அப்படி. நடுவில் வெட்டிய இன்னொரு படத்தில் ஆரஞ்சு நிறப் பழத்தோல் சுருள் சுருளாக நிறம் மாறாமல் இருந்தது. அத்தையின் கத்தி சீவிய அகலம்கூடத் தெரிந்தது.

இதற்குப் பீசோர் என்று பெயர். நஞ்சுமுறிப்பான் என்று பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. ஆட்டின் வயிற்றில் விளைந்த கல்லை ஒருகாலத்தில் ராஜாக்கள் விஷத்துக்குப் பயந்து விலை கொடுத்து வாங்கிவைத்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. மாட்டின் பித்தப்பைக் கல்லைக் கோரோசனை என்று சொல்லிக் குழந்தைக்கு இழைத்துக் கொடுத்த வீட்டில்தானே நானும் வளர்ந்தேன்.

பெர்சிமன் ஏன் கல்லாகிறது என்று மருத்துவர் சொன்னபோது இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அந்தத் துவர்ப்புச் சத்து வயிற்று அமிலம் பட்டதும் பிசின்போல இறுகி, நாரையும் தோலையும் சேர்த்துக் கட்டிவிடுமாம். என் தாத்தாவும் அவர் காலத்து ஆட்களும் நைலான் வருவதற்கு முன்னால் பருத்தி வலையைப் பனிச்சங்காய்ச் சாற்றில் ஊறவைத்துக் காயப்போடுவார்கள். நூல் கறுத்து, விறைத்து, உப்புத் தண்ணீருக்கு மக்காமல் கிடக்கும். பனிச்சையும் பெர்சிமனும் ஒரே பேரினம். கருங்காலியும் அதே குடும்பம்தான். வலையை இறுக்கிய அதே சரக்கு அத்தையின் குடலில் வலை பின்னியிருக்கிறது.

ஆனால் வாளி வாளியாகத் தின்கிறவர்கள் எல்லோருக்கும் இது வருவதில்லை. அடைப்பு என்று வருகிற நூறு பேரில் நாலு பேருக்குக்கூட இது காரணமாக இருக்காது. அத்தைக்கு மூன்று காரியம் ஒன்றுசேர்ந்தது. பல் அரைக்கவில்லை, வயிறு கடையவில்லை, பழம் ஒட்டியது. 1978-இல் செய்த அறுவையில் வயிற்றுக்குப் போகும் நரம்பை வெட்டி, வயிறு குடலோடு சேரும் வாசலை அகலப்படுத்தியிருக்கிறார்கள். புண்ணுக்கு அப்போது அதுதான் வைத்தியம். 1982-இல் ஆஸ்திரேலியாவில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் அந்தப் புண்ணுக்குப் பின்னால் ஒரு கிருமி இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். 2005-இல் நோபல் பரிசு வாங்கினார்கள். அதற்குப் பிறகு மாத்திரையிலேயே தீர்ந்துபோகிற நோய் அது. அத்தை நாலு வருடம் முந்திவிட்டார். வயிற்றின் கடைசல் வேலை போன பிறகு பாக்கியிருந்த ஒரே அம்மி பல்தான். அந்த அம்மியை நாங்கள் டம்ளரில் போட்டுவைத்தோம்.

அந்த வார்டில் இருந்த பதினொரு நாளில் குடலடைப்புக்கு எத்தனை வாசல் என்று கொஞ்சம் தெரிந்துகொண்டேன். எதிர்க் கட்டிலில் குச்சிபோல மெலிந்த ஒரு பாட்டி. பல மாதமாக உள்தொடையில் முழங்கால்வரை வலி. மூட்டுவாதம் என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இடுப்பெலும்பில் நரம்பு போகும் ஒரு சின்னத் துளை உண்டு. உடம்பில் கொழுப்பு வற்றியதும் அந்தத் துளையை அடைத்திருந்த மெத்தை போய், குடல் அதற்குள் நுழைந்து மாட்டிக்கொண்டது. வெளியே புடைப்பே தெரியாது. பித்தக்கல் இரைப்பையை அடுத்த குடலோடு ஒட்டித் துளைத்து இறங்கி, அத்தைக்கு அடைத்த அதே குறுகலில் அடைப்பதும் உண்டு; அப்போது பித்தக்குழாயில் காற்றுத் தெரியும் என்றார் மருத்துவர். குழந்தைகள் பிரிவில் இருந்தபோது ஒரு சாண் நீள உருளைப்புழுக்கள் கயிற்றுப் பந்துபோலத் திரண்டு அடைத்ததைப் பார்த்திருக்கிறாராம். இங்கே காசநோய் குடலிலும் வந்து அடைக்கும். நான் கேட்கக் கேட்க அவர் சொன்னார். இரவுப் பணியில் யாராவது கேட்டால் அவருக்கும் தூக்கம் வராது போலிருக்கிறது.

என் கணவரின் தம்பி மகன் இரண்டு லிட்டர் கோக கோலாவோடு வந்து நின்றான். இணையத்தில் படித்தானாம், கல்லைக் கரைக்குமாம். கேலி செய்யப்போன நான்தான் ஏமாந்தேன். அது உண்மைதான் என்றார் மருத்துவர். இரைப்பையில் இருக்கும் நார்க்கட்டிக்கு அதைக் கொடுத்துப் பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு அதிலேயே கரைந்திருக்கிறது. குழாய் விட்டு உடைப்பதையும் சேர்த்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல். பெர்சிமன் கட்டி மட்டும் அவ்வளவு சுலபத்தில் இளகாது. பாதி கரைந்த துண்டு கீழே இறங்கிக் குடலை அடைக்கும் அபாயமும் உண்டு. ஏற்கெனவே அடைத்த குடலுக்கு மேலே இரண்டு லிட்டர் ஊற்றுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்றார். பாட்டிலைப் பேரன்கள் தாழ்வாரத்தில் குடித்து முடித்தார்கள்.

29-ஆம் தேதி பொதுத்தேர்தல். அத்தை மூக்கில் குழாயோடு படுத்துக்கொண்டு, 1994-லிருந்து ஒரு தடவைகூட விட்டதில்லை என்று என்னைத்தான் முறைத்தார். வயிற்றைக் கிழித்ததைவிட அவருக்கு அதுதான் பெரிய நஷ்டம்.

இனி இரண்டாவது செட். செப்டம்பரில், உடம்பு தேறிய பிறகு, முறையான பல் மருத்துவரிடம் போனோம். ஐந்து தடவை வரச்சொன்னார். முதலில் பொது அச்சு. அதை வைத்து அத்தையின் வாய்க்கென்றே செய்த தட்டில் இரண்டாவது அச்சு, உதட்டையும் நாக்கையும் அசைக்கச் சொல்லி. மூன்றாவது தடவை மெழுகுக் கட்டை வைத்து, இரண்டு தாடையும் எங்கே கூடுகின்றன என்று பார்த்தார். நான்காவது தடவை மெழுகில் பல் நட்டு ஒத்திகை. இதைத்தான் கராஜில் ஒரே புதன்கிழமையில் முடித்திருந்தார்கள். ஒத்திகையின்போது ஆங்கிலத்தில் சிக்ஸ்டி சிக்ஸ் என்று சொல்லச் சொன்னார். சகரம் சீட்டியடிக்கிறதா என்று பார்க்கிற வழியாம். நான் விடவில்லை. ஏழு வாழைப்பழம் என்று சொல்லச் சொன்னேன். ழகரத்தில் நாக்கு உள்ளே மடங்கியபோது கீழ்ச் செட் ஒரு நூல் எழும்பியது. மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு, உட்பக்கம் மெழுகைச் சுரண்டி நாக்குக்கு இடம் விட்டார். மறுபடி ஏழு வாழைப்பழம். அசையவில்லை.

குறைகளும் உண்டு. மூன்றாவது தடவைக்கும் நான்காவதுக்கும் நடுவே இரண்டு வாரம் இழுத்தடித்தார்கள். மாடிப்படி, லிப்ட் இல்லை. எண்பது வயதுக்காரர்களுக்குப் பல் கட்டுகிற இடத்தை மாடியில் வைத்தது யார் புத்தியோ. பல்லின் வெண்மை கொஞ்சம் தூக்கல். அத்தை சிரித்தால் கல்யாண வீட்டு போட்டோக்காரர் மாதிரி பளிச்சென்று இருக்கிறது. கீழ்த் தாடையில் இரண்டு திருகு பதித்து, அதன்மேல் மாட்டினால் இன்னும் உறுதி என்றார்கள். அந்த விலைக்கு எங்களால் ஆகாது. செட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சொந்தப் பல்லின் கடிவிசையில் கால்பங்குதான் கிடைக்கும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள், அந்த நேர்மைக்கு ஒரு மதிப்பெண். தாளிப்புக் கடுகு ஒன்று அடியில் புகுந்துகொண்டால் முள்ளில் நிற்கிறதுபோல இருக்கிறதாம். அத்தையின் தட்டுக்கு மட்டும் இப்போது கடுகில்லாமல் தாளிக்கிறேன்.

மற்றபடி ஐந்துக்கு நான்கு. முதல் இடத்துக்கு மேல் செட்டை நினைத்து ஒன்று.

இப்போது மூன்று வேளையும் கீழ்ச் செட் வாயில்தான் இருக்கிறது. பழம் என்றால் பப்பாளி, கனிந்த வாழை. பெர்சிமனை மருத்துவர் ஒரேயடியாக நிறுத்திவிட்டார். பக்கத்து வீட்டார் இந்த வருடம் வாளியோடு வந்து, படியிலேயே நின்று, அப்படியே திரும்பிக் கொண்டுபோய்விட்டார்கள். பழைய கீழ்ச் செட் இன்னும் அதே டம்ளரில் இருக்கிறது. தூக்கிப் போடலாம் என்றால் அத்தை விடுவதில்லை. 1,800 ரான்ட் என்கிறார்.